டுரியான் பழமும் தலைகீழ் விருந்தாளியும்

மரக்கிளையில் யாரோ கறுப்புக் குடைகளை மாட்டி வைத்திருக்கிறார்களா? சிங்கப்பூர் விலங்கியல் தோட்டத்தின் ‘ஃபிரஜைல் ஃபாரஸ்ட்’ பகுதியில் அண்ணாந்து பார்ப்பவர்களுக்கு முதலில் அப்படித்தான் தோன்றும். சற்றுப் பொறுத்திருங்கள். ஒரு ‘குடை’ மெல்ல விரியும். உள்ளிருந்து நரியைப் போன்ற முகம் ஒன்று எட்டிப் பார்க்கும்.

அதுதான் மலாயாப் பழந்தின்னி வௌவால். மலாய் மொழியில் கெலுவாங் என்பார்கள். உலகின் மிகப் பெரிய வௌவால் இனங்களில் இதுவும் ஒன்று. எடை ஏறத்தாழ 1 கிலோகிராம்தான். ஆனால் சிறகுகளை விரித்தால் 1.5 மீட்டர்வரை நீளும். நீங்கள் இரு கைகளையும் விரித்து நின்றால் எவ்வளவு அகலமோ, கிட்டத்தட்ட அவ்வளவு!

கையே சிறகு

சிறகை உற்றுப் பாருங்கள். மெல்லிய தோலுக்குள் நீண்ட எலும்புகள் தெரியும். அவை வௌவாலின் விரல்கள். கட்டைவிரல் மட்டும் கொக்கிபோல் வெளியே நிற்கும்.

நாள் முழுவதும் தொங்கினால் கால் வலிக்காதா? வலிக்காது. உடலின் எடை காலின் தசைநாரை இழுக்க, நகங்கள் தாமாகவே கிளையைப் பூட்டுபோல் பற்றிக்கொள்ளும். அதனால் தூங்கும்போதும் பிடி நழுவாது. சிறுநீர் கழிக்க மட்டும் கட்டைவிரல்களால் கிளையைப் பிடித்துக்கொண்டு, உடலை நிமிர்த்திக்கொள்ளும். உடம்பு நனையாமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு!

பூச்சி தின்னும் சிறிய வௌவால்கள் நம் காதுக்குக் கேட்காத ஒலியை எழுப்பி, அதன் எதிரொலியைக் கொண்டு வழி அறிகின்றன. கெலுவாங்குக்கு அந்தத் திறன் இல்லை. பெரிய கண்களும் கூர்மையான மோப்பசக்தியும்தான் அதற்கு வழிகாட்டிகள்.

ஒரே தீவு, இரண்டு உண்மைகள்

வௌவால் என்றதும் பலருக்கு நோய்தான் நினைவுக்கு வரும். அதற்குக் காரணம் உண்டு. 1998, 1999ஆம் ஆண்டுகளில் மலேசியாவில் நிப்பா கிருமி பரவி நூற்றுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அக்கிருமி பழந்தின்னி வௌவால்களிடமிருந்து பன்றிகளுக்கும், பன்றிகளிடமிருந்து மனிதர்களுக்கும் தொற்றியது. பன்றிப் பண்ணைகளை ஒட்டியே பழ மரங்களும் இருந்தன. வௌவால்கள் கடித்துப்போட்ட பழங்கள் பன்றிகளுக்கு எட்டின. பின்னர் தியோமான் தீவில் சேகரித்த வௌவால்களின் சிறுநீரிலும் அவை கடித்த பழத்திலும் ஆய்வாளர்கள் அக்கிருமியைக் கண்டனர்.

அதே தியோமான் தீவில் மற்றோர் ஆய்வும் நடந்தது. டுரியான் மரங்களில் கேமராக்களைப் பொருத்தி இரவில் கண்காணித்தார்கள். டுரியான் பூக்கள் மாலையில் மலர்ந்து, விடிவதற்குள் உதிரத் தொடங்கிவிடும். பழந்தின்னி வௌவால்கள் பூக்களைத் தின்று பாழாக்குகின்றன என்றே பலர் நம்பியிருந்தார்கள். ஆனால் அவை பூவைச் சிதைக்காமல் தேனை மட்டும் நக்கிக் குடிப்பதைக் கேமராக்கள் காட்டின. அப்போது முகத்திலும் ரோமத்திலும் ஒட்டிய மகரந்தம் அடுத்த பூவுக்குச் செல்கிறது, காய் பிடிக்கிறது. 2017ல் அந்த ஆய்வு முடிவு வெளியானது.

இந்த வேலையில் கெலுவாங்கின் சிறிய உறவினருக்கும் பங்குண்டு. பத்துமலையின் குகைகளில் வசிக்கும் தேனுண்ணும் வௌவால்கள், இரவில் வெளியேறி டுரியான், பெத்தாய் பூக்களைத் தேடிப் போகின்றன. தைப்பூசத்தன்று 272 படிகள் ஏறும் நம்மில் எத்தனை பேருக்கு அது தெரியும்?

அப்படியென்றால் வௌவால் நண்பனா, எதிரியா? இரண்டும் இல்லை. அது காட்டு விலங்கு. அதன் காட்டை அழித்து, பழ மரத்தையும் பண்ணையையும் அருகருகே வைத்தபோதுதான் ஆபத்து நம்மிடம் வந்தது. தேவை விலகி நிற்பது, விரட்டிக் கொல்வதன்று.

குறைந்து வரும் கூட்டம்

கெலுவாங் ஆண்டுக்கு ஒரு குட்டிதான் ஈனும். எனவே வேட்டையாலும் காடழிப்பாலும் குறைந்த கூட்டம் மீண்டும் பெருகப் பல ஆண்டுகள் ஆகும். சிங்கப்பூர் வானில் இப்போது அவற்றைக் காண்பது அரிது. விலங்கியல் தோட்டத்தில் அவை நம் தலைக்கு மேலே தொங்குவதை வேடிக்கையாக மட்டும் பார்த்துவிட்டு நகர முடியாததற்கு அதுவே காரணம்.

பார்க்கச் செல்கிறீர்களா?

• வௌவாலைத் தொடாதீர்கள், உணவு கொடுக்காதீர்கள்.
• ஃபிளாஷ் போட்டுப் படம் எடுக்காதீர்கள்.
• வீட்டருகே அடிபட்ட வௌவாலைக் கண்டால் கையில் எடுக்காமல் பெரியவர்களிடம் சொல்லுங்கள்.
• விலங்கு கடித்த பழத்தை உண்ணாதீர்கள்.

அடுத்த டுரியான் பருவத்தில் குடும்பத்தோடு பழத்தைப் பிளக்கும்போது, அது காய்க்க இரவில் உழைத்தது யார் என்று வீட்டில் கேட்டுப் பாருங்கள். பதில் உங்களுக்குத் தெரியும்!