ஆர்.எக்ஸ். 100: அடங்காத உறுமல்

தயாரிப்பு நின்றது 1996-ல். பழைய யமஹாவைப் புதுப்பிக்கும் மோகம் மட்டும் நிற்கவில்லை. பளபளக்கும் பெயின்ட்டில்தான் பலர் ஏமாறுகிறார்கள்.

எஸ்கார்ட்ஸ் நிறுவனம் ஜப்பானின் யமஹாவுடன் சேர்ந்து 1985-ல் ஆர்.எக்ஸ். 100-ஐ இந்தியச் சாலைக்குக் கொண்டுவந்தது. 98 சிசி டூ-ஸ்ட்ரோக் இன்ஜின், 11 குதிரைசக்தி, எடை ஏறத்தாழ 100 கிலோ. ஸ்கூட்டர்கள் உருண்டுகொண்டிருந்த நாட்டில் இளைஞர்கள் கிறங்க இது போதுமானதாக இருந்தது. அதே ஆண்டில் வந்த ஹீரோ ஹோண்டா சிடி 100, பெட்ரோலைச் சிக்கனம் பிடித்தது. கணக்குப் பார்த்த அப்பா அதை வாங்கினார். கணக்குப் பார்க்காத மகன் இதைக் கேட்டான்.

அந்த மகன்களுக்கு இப்போது வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. கையில் காசும் இருக்கிறது. கொட்டகையில் கிடந்த வண்டியை வெளியே இழுத்ததும் அவர்கள் செய்யும் முதல் காரியம், டாங்க்குக்குப் பெயின்ட் அடிப்பது. பார்க்க வேண்டியதோ இன்ஜினின் அடிவயிறு.

டூ-ஸ்ட்ரோக்கில் பெட்ரோல் கலவை நேராக சிலிண்டருக்குப் போவதில்லை. கிராங்க் அறைக்குள் புகுந்து, அங்கே அழுத்தப்பட்டுத்தான் மேலே ஏறுகிறது. ஆகவே கிராங்கின் இரு முனைகளிலும் உள்ள ஆயில் சீல்கள் காற்றைக் கசியவிடக் கூடாது. பல வருடம் நின்ற வண்டியில் அந்த ரப்பர் இறுகிப்போயிருக்கும். கிளட்ச் பக்க சீல் போனால் கியர் ஆயில் உள்ளே இழுக்கப்பட்டு வெள்ளைப் புகை கொட்டும். மேக்னெட் பக்கம் போனால் புகை வராது. காற்று புகுந்து கலவை மெலியும், இன்ஜின் சூடேறும், ஒருநாள் ஓட்டத்தில் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். புகைக்கிற வண்டி தேவலை, முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. ஆயில் பம்ப் ஒழுங்காக வேலை செய்யாவிட்டாலும் இதே கதிதான்.

தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து, ஒரு அளவு பெரிய பிஸ்டன் போடலாம். ஆனால் ரீபோர் என்பது சேமிப்பிலிருந்து பணம் எடுப்பது மாதிரி. சில தடவைதான் முடியும்.

அடுத்து வருவது வேக ஆசை. எக்ஸாஸ்ட் போர்ட்டை உயர்த்தி அறுப்பது, அகலமான சைலன்சர் மாட்டுவது, 135 சிசி பிளாக்கை ஏற்றுவது. போர்ட்டை உயர்த்தினால் உச்ச வேகத்தில் சக்தி கூடும். ஊர்த் தெருவில் இரண்டாம் கியரில் இழுவை செத்துவிடும். ஆர்.எக்ஸ். 100-ஐப் பிரபலமாக்கியதே அந்த இழுவைதான் என்பதை மறந்துவிடுகிறார்கள்.

சட்டமும் குறுக்கே நிற்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளரின் அளவுகளுக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019-ல் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிப்படுத்தியது. 15 வருடம் முடிந்த வண்டிக்குப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும், பிறகு ஐந்தாண்டுக்கு ஒருமுறை. தில்லி வட்டாரத்திலோ 15 வயது கடந்த பெட்ரோல் வண்டி ஓடக்கூடாது என்று பசுமைத் தீர்ப்பாயம் 2014-ல் சொன்னதை உச்ச நீதிமன்றம் 2018-ல் ஏற்றது. ஆகவே தில்லிப் பதிவெண் வண்டி மலிவாக வந்தால், இன்ஜினுக்கு முன் ஆர்.சி. புத்தகத்தைத் திறந்து பார்ப்பது நல்லது.

2021-ல் வந்த விதிகள் பழம்பெரும் வாகனங்களுக்குத் தனிப் பதிவு தருகின்றன. அதற்கு வண்டிக்கு 50 வயது தாண்டியிருக்க வேண்டும். முதல் ஆர்.எக்ஸ். 100-களுக்கு அந்த வயது 2035-ல்தான் வரும். சேசிஸிலும் இன்ஜினிலும் மாற்றம் செய்த வண்டிகளுக்கு அப்போதும் அந்தப் பதிவு கிடைக்காது.