குளிர்காலத்தில் நோயாளியின் அறை: கணப்பும் மின்சூடேற்றியும்

மார்கழி பிறந்துவிட்டால் உதகையின் புல்வெளிகளில் விடியற்காலையில் உறைபனி படர்வதும், இரவின் வெப்பநிலை சுழியத்தை ஒட்டி இறங்குவதும் நீலகிரி மக்களுக்குப் புதியன அல்ல. இப்பருவத்தில் வீடு திரும்பும் நோயாளிகளின் குடும்பத்தாரிடம், "குளிர் தாக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று நாங்கள் சொல்லி அனுப்புகிறோம். எவ்வாறு என்பதைப் பெரும்பாலும் சொல்வதில்லை. அதே நோயாளி சில நாள்களில் தீக்காயத்துடன் திரும்பி வரும்போதுதான் அந்தக் குறை எங்களுக்கு உறைக்கிறது. அதை ஓரளவேனும் ஈடுசெய்ய இக்கட்டுரையை எழுதுகிறோம்.

முதலில் கரிக்கணப்பு. புகையும் விறகை எவரும் படுக்கையறைக்குள் கொண்டுவருவதில்லை. ஆனால் கரி நன்கு பற்றிச் செந்தணலாகிவிட்டால் புகை நின்றுவிடுகிறது. இனித் தீங்கில்லை என்று எண்ணிச் சட்டியைக் கட்டிலருகே வைத்து, கதவிடுக்கில் துணியையும் செருகிவிட்டு உறங்கச் செல்கிறார்கள். உண்மையில் அத்தணலிலிருந்து கார்பன் மோனாக்சைடு என்னும் வாயு தொடர்ந்து வெளியேறுகிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. கண்ணையும் தொண்டையையும் உறுத்துவதுமில்லை. இரத்தச் சிவப்பணுக்களில் உள்ள ஹீமோகுளோபினுடன் ஆக்சிஜனைக் காட்டிலும் 200 மடங்குக்கும் மேலான பற்றுடன் அது ஒட்டிக்கொள்வதால், மூச்சு சீராக ஓடிக்கொண்டிருக்கும்போதே மூளையும் இதயமும் ஆக்சிஜனுக்கு ஏங்கத் தொடங்குகின்றன. உறங்குபவர் விழிப்பதற்கு முன்பே நினைவிழந்துவிடக்கூடும். மலை ஊர்களின் விடுதி அறைகளிலும் கூடாரங்களிலும் கரி மூட்டி உறங்கியவர்கள் உயிரிழந்த செய்திகளை நாளிதழ்களில் படித்திருப்பீர்கள்.

தலைவலி, தலைசுற்றல், குமட்டல், வாந்தி ஆகியவை தொடக்க அறிகுறிகள். வீட்டில் உள்ள அனைவருக்கும் ஒரே காலையில் இவை தோன்றும்போது, முந்தைய இரவு உண்ட உணவின் மீதே பழி விழுகிறது. வெளிக்காற்றுக்கு வந்தவுடன் சற்றுத் தெளிவதும், உள்ளே சென்றால் மீண்டும் தொடங்குவதும் இந்நச்சை அடையாளம் காட்டும் குறிப்புகள். இதய நோயாளிகள், கருவுற்ற பெண்கள், குழந்தைகள் ஆகியோரை இது விரைவில் தாக்கும். இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். கொரோனா காலத்திலிருந்து பல வீடுகளில் விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் உள்ளது. கார்பன் மோனாக்சைடு ஏறிய இரத்தத்தை அக்கருவி ஆக்சிஜன் நிறைந்த இரத்தம் என்றே படிக்கிறது. 98 என்று அது காட்டுவதை நம்பி மருத்துவமனைக்கு வராமல் இருந்துவிடாதீர்கள்.

ஆகவே கணப்பு வீட்டுக்கு வெளியே மட்டுமே இருக்கட்டும். சன்னலைச் சிறிது திறந்து வைத்தால் போதாதா என்று பலர் கேட்கின்றனர். போதும் என்று எங்களால் உறுதி கூற இயலாது. பழைய பங்களாக்களில் உள்ள புகைபோக்கியுடன் கூடிய கணப்பு வேறு வகை. எனினும் பல ஆண்டுகள் பயன்படாத புகைபோக்கிகளைப் பறவைக் கூடும் இலைச் சருகும் அடைத்திருக்கும். குளியலறைக்குள்ளேயே பொருத்தப்பட்ட கேஸ் கீசருக்கும் இந்த எச்சரிக்கை பொருந்தும்.

மின்சூடேற்றியிலிருந்து இந்நச்சு வாயு வெளிவருவதில்லை என்பதால் நோயாளியின் அறைக்கு அதையே நாங்கள் பரிந்துரைக்கிறோம். ஆனால் 2000 வாட் சூடேற்றி ஒன்று 230 வோல்ட்டில் ஏறத்தாழ 9 ஆம்பியர் மின்னோட்டத்தை இழுக்கிறது. விளக்குக்கும் கைப்பேசிக்கும் பயன்படும் சிறிய பிளக் பாயிண்ட் 6 ஆம்பியருக்கு உரியது. பெரிய பிளக்கை மாற்றுப் பிளக் வழியாகச் சிறிய துளைகளில் செருகுவதும், எக்ஸ்டென்ஷன் பெட்டியில் சூடேற்றியுடன் கெட்டிலையும் சேர்த்து மாட்டுவதும் கம்பிகளை உள்ளுக்குள் உருக்கிவிடும். 16 ஆம்பியர் பாயிண்ட்டில் நேரடியாக மட்டுமே இணையுங்கள். அரை மணி நேரம் ஓடிய பின் சுவிட்சை அணைத்து, பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். அது சுட்டாலோ, துளைகளைச் சுற்றிப் பழுப்புக் கறை தெரிந்தாலோ மின்பணியாளரை அழைக்கும் வரை அதைப் பயன்படுத்த வேண்டாம். கம்பளி, திரைச்சீலை, கட்டில் ஆகியவற்றிலிருந்து சூடேற்றி குறைந்தது ஒரு மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். நாள் கணக்கில் துணி காயாத மலைப் பகுதியில் ஈரத்துணியை அதன் மேல் விரிக்கத் தோன்றுவது இயல்பே. வீட்டுத் தீ பலவும் அங்குதான் தொடங்குகிறது.

வாளியில் இடும் வாட்டர் ஹீட்டர் கம்பியைப் பற்றி ஒரு சொல்: நீர் சுட்டுவிட்டதா என்று விரலை விட்டுப் பார்ப்பதற்கு முன் சுவிட்சை அணைத்துப் பிளக்கையும் பிடுங்குங்கள். இரும்பு வாளி கூடவே கூடாது. 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. கருவியை வீட்டின் மின்பெட்டியில் பொருத்துவது, ஒரு நாள் மருத்துவமனைச் செலவை எண்ணினால், பெரிய தொகை அன்று.

வீட்டில் ஆக்சிஜன் பெறும் நோயாளி இருந்தால் நிலைமை முற்றிலும் வேறு. ஆக்சிஜன் தானாக எரிவதில்லை. எரியும் எதையும் பன்மடங்கு வேகமாக எரியச் செய்கிறது. மேலும் அது போர்வையிலும் உடையிலும் தலைமுடியிலும் தங்கி நிற்கிறது. அடுப்பு, குத்துவிளக்கு, ஊதுவத்தி, பீடி யாவும் 3 மீட்டருக்கு அப்பால் இருக்கட்டும். சூடேற்றியையும் நெருங்க விடாதீர்கள். குழாயை எடுத்துவிட்டு உடனே அடுப்படிக்குச் செல்வதும் ஆபத்தே. 20 நிமிடமாவது காற்றோட்டத்தில் இருந்த பின் செல்லலாம். குளிரில் வெடித்த உதட்டுக்கும் மூக்குக்கும் வாசலின் போன்ற எண்ணெய்ப் பசை தடவாமல், நீர் கலந்த களிம்பு எது என்று எங்கள் மருந்தகத்தில் கேட்டுப் பெறுங்கள். மரம் விழுந்து மின்தடை ஏற்படும் இரவுகளில் மெழுகுவர்த்தி வேண்டாம். மின்கலத்தில் எரியும் கைவிளக்கைத் தலைமாட்டில் வைத்திருங்கள்.

சர்க்கரை நோயால் பாதம் மரத்தவர்களுக்கும் பக்கவாதம் கண்டவர்களுக்கும் வெந்நீர்ப் பையே தீயாகிவிடும். சுடுவதை அவர்கள் உணர மாட்டார்கள்; காலையில் கொப்புளத்தைக் கண்ட பிறகே தெரியும். உறங்கும் முன் பையால் படுக்கையைச் சூடாக்கி, பிறகு எடுத்துவிட்டுக் கம்பளிக் காலுறை அணிவித்தால் போதும். தோலில் ஒட்டும் வலிநிவாரணப் பட்டை அணிந்தவர் மீது எவ்வகைச் சூட்டையும் வைக்காதீர்கள். சூட்டில் ஃபென்டனில் போன்ற மருந்து அளவுக்கு மீறி உடலில் ஏறி, மூச்சை அடக்கிவிடும்.

இவ்வளவு கவனித்தும் தீக்காயம் ஏற்பட்டுவிட்டால், குழாய் நீரை 20 நிமிடம் காயத்தின் மீது ஓடவிடுங்கள். மோதிரம், வளையல் ஆகியவற்றை வீக்கம் காணும் முன் கழற்றிவிடுங்கள். பற்பசை, மை, மாவு, பனிக்கட்டி எதுவும் வேண்டாம். மின்சாரம் தாக்கியவரைத் தொடுவதற்கு முன் மெயினை அணையுங்கள். அவர் எழுந்து நடந்தாலும் இதயத் துடிப்பைப் பரிசோதிக்க அழைத்து வாருங்கள். மயங்கிக் கிடப்பவரின் அறையில் கணப்பு இருந்தால் கதவு சன்னல்களைத் திறந்து, அவரை வெளியே கொணர்ந்த பிறகு 108-ஐ அழையுங்கள். "அறையில் கரி எரிந்தது" என்ற ஒரு செய்தியை மறவாமல் கூறுங்கள். அது தெரிந்தால் வந்தவுடனேயே உயர் ஓட்டத்தில் ஆக்சிஜன் தொடங்கி, உரிய இரத்தப் பரிசோதனையையும் செய்ய முடியும். தீயணைப்புத் துறைக்கு 101, சமையல் எரிவாயுக் கசிவுக்கு 1906.

வீடு திரும்பும் நாளில் எங்கள் செவிலியர் இனி உங்களிடம் மூன்று கேள்விகள் கேட்பார்: நோயாளி உறங்கும் அறையை எதனால் சூடாக்குகிறீர்கள், சூடேற்றி எந்தப் பாயிண்ட்டில் மாட்டப்பட்டுள்ளது, இரவில் உடன் இருப்பவர் யார். கரிக்கணப்புதான் இருக்கிறது என்றால் கூச்சமின்றிச் சொல்லுங்கள். வேறு என்ன செய்யலாம் என்று உங்களுடன் அமர்ந்து பேசிய பிறகே விடுப்புச் சீட்டு எழுதுவோம்.