என்ஜினுக்குள் தண்ணீர்... நண்பனா, எதிரியா? டர்போ கார் வைத்திருப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய கதை!

மழைக்காலம் தொடங்கிவிட்டால் மெக்கானிக்குகள் தவறாமல் சொல்லும் அறிவுரை ஒன்று உண்டு. 'தண்ணியில நின்ன வண்டியை மட்டும் ஸ்டார்ட் பண்ணிடாதீங்க!' சென்னையின் 2015 வெள்ளத்திலும், 2023 மிக்ஜாம் புயலிலும் நகரமே இதைத் திரும்பத் திரும்பக் கேட்டது. என்ஜினுக்குள் தண்ணீர் புகுந்தால் பழுதுச் செலவு கார் விலையை எட்டிப் பிடிக்கும் என்ற பயம் நம் எல்லோருக்கும் இருக்கிறது.

ஆனால் அதே தண்ணீரை, முழு வேகத்தில் ஓடும் என்ஜினுக்குள் வேண்டுமென்றே தெளிக்கிற தொழில்நுட்பமும் இருக்கிறது. அதன் பெயர் 'வாட்டர் இன்ஜெக்‌ஷன்'. இரண்டாம் உலகப் போரின் சண்டை விமானங்களிலிருந்து இன்றைய ஸ்போர்ட்ஸ் கார்கள் வரை பயன்பட்டுவரும் உத்தி இது. டர்போ பெட்ரோல் கார்கள் நம் ஊரிலும் பெருகிவிட்ட நிலையில், 'இதற்கான கிட்டை வாங்கி நம் வண்டியில் மாட்டினால் என்ன?' என்ற ஆசை கார் பிரியர்கள் பலருக்கும் வந்திருக்கிறது. மாட்டலாமா என்று பார்ப்பதற்கு முன், தண்ணீர் அங்கே என்னதான் செய்கிறது என்று பார்த்துவிடலாம்.

சைக்கிள் பம்ப்பும் மண்பானையும்

சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்ப்பின் அடிப்பாகத்தைத் தொட்டுப் பார்த்திருக்கிறீர்களா? சுடும். காற்றை அமுக்கினால் சூடாகும் என்பது இயற்கை விதி. டர்போ செய்வதும் இதே வேலைதான். புகைபோக்கி வழியாக வீணாக வெளியேறும் வாயுவின் வேகத்தில் ஒரு சிறு சக்கரம் நிமிடத்துக்கு லட்சம் சுற்றுகளுக்கும் மேல் சுழல்கிறது. அது வெளிக்காற்றை அமுக்கி என்ஜினுக்குள் திணிக்கிறது. அதிகக் காற்று உள்ளே போனால் அதிக பெட்ரோலை எரிக்கலாம். சின்ன என்ஜினிலிருந்து பெரிய சக்தி கிடைக்கும்.

சிக்கல் சூட்டில்தான் இருக்கிறது. 30 டிகிரி வெயிலில் உள்ளே வரும் காற்றை இரண்டு மடங்கு அழுத்தத்துக்கு அமுக்கினால், அதன் வெப்பம் 100 டிகிரியைச் சுலபமாகத் தாண்டிவிடும். 'இன்டர்கூலர்' என்ற குளிர்விப்பான் அதைக் கொஞ்சம் தணிக்கும். அதையும் மீறிச் சூடான காற்று சிலிண்டருக்குள் போனால், ஸ்பார்க் பிளக்கின் பொறியிலிருந்து பரவும் தீ வந்து சேருவதற்கு முன்பே, ஓரத்தில் இருக்கும் பெட்ரோல் கலவை தானாகவே வெடித்துவிடும். இதைத்தான் மெக்கானிக்குகள் 'நாக்கிங்' என்கிறார்கள். டப்பாவில் கூழாங்கற்களைப் போட்டுக் குலுக்கியது போன்ற சத்தம் கேட்கும். விடாமல் தொடர்ந்தால் பிஸ்டன் உடையும், உருகும்.

இங்கேதான் தண்ணீர் வருகிறது. கோடைக்காலத்தில் சாயங்காலம் முற்றத்தில் தண்ணீர் தெளித்தால் வெக்கை தணிவது எதனால்? மண்பானைத் தண்ணீர் எப்படிக் குளிர்கிறது? தண்ணீர் ஆவியாகும்போது சுற்றியிருக்கும் சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. ஒரு கிலோ தண்ணீர் ஆவியாக ஏறத்தாழ 2,260 கிலோஜூல் வெப்பம் தேவை. ஒரு கிலோ பெட்ரோல் ஆவியாக எடுத்துக்கொள்வதைப்போல இது சுமார் ஆறு மடங்கு. உள்ளே போகும் காற்றில் தண்ணீரைப் பனிபோலத் தெளித்தால், அது ஆவியாகிக் காற்றையும் சிலிண்டரின் உள்பகுதியையும் குளிர்விக்கும், நாக்கிங் தள்ளிப்போகும்.

இதில் இன்னொரு லாபமும் உண்டு. பல டர்போ என்ஜின்கள் முழு வேகத்தில் ஓடும்போது, சூட்டைத் தணிப்பதற்காகவே தேவைக்கு மேல் பெட்ரோலைத் தெளிக்கின்றன. அந்த வேலையைத் தண்ணீர் எடுத்துக்கொண்டால் அந்த பெட்ரோல் மிச்சம்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். தண்ணீர் இங்கே எரிபொருள் அல்ல. 1996-ல் மூலிகை பெட்ரோல் பரபரப்பைப் பார்த்த மாநிலம் நம்முடையது. 'தண்ணியில ஓடும் கார்' வீடியோக்கள் இன்றும் வாட்ஸ்அப்பில் சுற்றுகின்றன. தண்ணீர் எரியாது, சக்தி தராது. எரிகிற பெட்ரோல் அடங்கி ஒடுங்கி ஒழுங்காக எரிய உதவும், அவ்வளவுதான்.

போர் விமானத்தில் பிறந்த துணிச்சல்

இரண்டாம் உலகப் போரில் அமெரிக்காவின் பி-47 தண்டர்போல்ட் விமானத்தில் இருந்த பிராட் அண்ட் விட்னி என்ஜின் 2,000 குதிரைத்திறன் கொண்டது. தண்ணீர் தெளிக்கும் வசதி சேர்ந்ததும் அது 2,300-ஐத் தொட்டது. ஜெர்மானியர்களும் சும்மா இருக்கவில்லை. பாதித் தண்ணீர், பாதி மெத்தனால் கலந்த 'எம்டபிள்யூ 50' என்ற திரவத்தைத் தங்கள் மெஸ்ஸர்ஷ்மிட் விமானங்களில் பயன்படுத்தினார்கள். ஒரு தடவைக்கு அதிகபட்சம் 10 நிமிடங்கள்தான் அனுமதி. எதிரி துரத்தும்போது உயிர் தப்பப் பயன்படுத்தும் அவசர பலம் அது.

விமானி ஒவ்வொரு முறை புறப்படும்போதும் அந்தத் திரவம் நிரம்பியிருக்கிறதா என்று பார்க்கத் தரையில் ஓர் ஊழியர் பட்டாளமே இருந்தது. அது இல்லாத சாதாரணக் குடும்பத்தின் கைக்கு இந்தத் தொழில்நுட்பம் போனபோது என்ன நடந்தது?

ஜெட்ஃபயர் சொல்லித்தந்த பாடம்

1962-ல் ஜெனரல் மோட்டார்ஸின் ஓல்ட்ஸ்மொபைல் பிரிவு, 'ஜெட்ஃபயர்' என்ற காரைக் கொண்டுவந்தது. பொதுமக்களுக்கு விற்பனையான முதல் டர்போ கார்களில் ஒன்று அது. 3.5 லிட்டர் அலுமினிய வி8 என்ஜின், 215 குதிரைத்திறன். அந்தக் காலத்துக்கு அது பெரிய சாதனை. என்ஜினின் அழுத்த விகிதம் 10.25-க்கு 1. டர்போவுக்கு இது மிக அதிகம்; நாக்கிங் நிச்சயம். அதைத் தடுக்க, தண்ணீரும் மெத்தனாலும் சரிபாதியாகக் கலந்து, துருப்பிடிக்காமல் இருக்கக் கொஞ்சம் மருந்தும் சேர்த்து ஒரு திரவம் கொடுத்தார்கள். அதற்கு வைத்த பெயர், 'டர்போ ராக்கெட் ஃப்ளூயிட்'!

பொறியாளர்கள் எல்லாவற்றையும் யோசித்துத்தான் செய்திருந்தார்கள். திரவம் குறைந்தால் டிரைவருக்கு முன்னால் விளக்கு எரியும். தீர்ந்துவிட்டால் ஒரு வால்வு தானாக மூடி, டர்போவின் அழுத்தத்தைக் குறைத்து என்ஜினைக் காப்பாற்றும். ஆனாலும் பலர் திரவத்தை நிரப்பவே இல்லை. பெட்ரோல் போட்டோம், ஓட்டினோம் என்றிருந்தவர்களுக்கு இன்னொரு பாட்டிலைத் தேடி வாங்கி ஊற்றுவது பெரிய தொந்தரவாகப்பட்டது. வண்டி மந்தமானதும், 'கார் சரியில்லை' என்று புகார் சொன்னார்கள்.

இரண்டே ஆண்டுகளில், 10,000 கார்கள்கூட முழுதாக விற்காத நிலையில், ஜெட்ஃபயர் நிறுத்தப்பட்டது. 1965-ல் நிறுவனமே முன்வந்து, டர்போவைக் கழற்றிவிட்டுச் சாதாரண கார்புரேட்டரை இலவசமாக மாட்டித் தருவதாக அறிவித்தது. பலர் அதை ஏற்றுக்கொண்டார்கள்.

அமெரிக்கர்களைப் பார்த்துச் சிரிப்பதற்கு முன் ஒரு கேள்வி. உங்கள் காரின் வைப்பர் தண்ணீர் டப்பாவைக் கடைசியாக எப்போது நிரப்பினீர்கள்?

வாட்டர் இன்ஜெக்‌ஷனின் ஆதாரப் பிரச்னையே இதுதான். தண்ணீர் இருக்கும்வரை அது அற்புதமாக வேலை செய்யும். டேங்க் காலியாகும் நாளில் உங்கள் என்ஜின் என்ன செய்யும் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது.

ஐந்து லிட்டர் டேங்க்... 500 குதிரைத்திறன்

அரை நூற்றாண்டு கழித்து, அந்தக் கேள்விக்கான பதிலை கம்ப்யூட்டரிடம் ஒப்படைத்தது பி.எம்.டபிள்யூ. 2016-ல் விற்பனைக்கு வந்த 'எம்4 ஜி.டி.எஸ்' காரில் பாஷ் நிறுவனத்தின் வாட்டர் இன்ஜெக்‌ஷன் இருந்தது. சாதாரண எம்4 காரில் 431 குதிரைத்திறன் தந்த அதே 3 லிட்டர் என்ஜின், இதில் 500 தந்தது. டிக்கியில் 5 லிட்டர் தண்ணீர் டேங்க். ரேஸ் டிராக்கில் ஓட்டினால், பெட்ரோல் நிரப்பும்போதெல்லாம் தண்ணீரும் நிரப்ப வேண்டும். தண்ணீர் தீர்ந்தால் என்ஜினின் கம்ப்யூட்டரே டர்போ அழுத்தத்தையும் பொறி விழும் நேரத்தையும் மாற்றிப் பாதுகாப்பான நிலைக்குப் போய்விடும். என்ஜினை நிறுத்தியதும் குழாயில் மிச்சமிருக்கும் தண்ணீர் டேங்குக்கே திரும்பிவிடும். குறைந்த எண்ணிக்கையில் மட்டுமே இந்தக் கார் தயாரானது.

'மக்கள் நிரப்ப மறந்துவிடுவார்களே' என்ற கவலை அவர்களுக்கும் இருந்தது. அதனால் ஒரு சோதனைக் காரில், ஏ.சி-யிலிருந்து சொட்டும் தண்ணீரைச் சேகரித்து அதையே பயன்படுத்திப் பார்த்தார்கள். நம் ஊர்ப் புழுக்கத்தில் காருக்கு அடியில் வீணாக ஒழுகுகிறதே, அதே தண்ணீர்தான்!

கிட்டில் என்ன இருக்கும்?

தனியாக விற்கும் கிட் ஒன்றில் இவை இருக்கும்: தண்ணீர் டேங்க், சிறிய மோட்டார் பம்ப், ஃபில்டர், மின்சார வால்வு, பனிபோலத் தெளிக்கும் நாசில், இவற்றையெல்லாம் இயக்கும் கன்ட்ரோலர். நாசிலைப் பெரும்பாலும் இன்டர்கூலரைத் தாண்டி, என்ஜினின் காற்றுக் குழாயில் மாட்டுவார்கள். டர்போ நன்றாக அழுத்தம் கொடுக்கத் தொடங்கிய பிறகே கன்ட்ரோலர் பம்ப்பை இயக்கும். சிக்னலில் நிற்கும்போதோ, மெதுவாகப் போகும்போதோ ஒரு சொட்டுகூட உள்ளே போகக் கூடாது. வேலை செய்யும்போது தெளிக்கும் அளவு, அந்த நேரத்தில் செலவாகும் பெட்ரோலில் ஏறத்தாழ 10 முதல் 20 சதவீதம்.

பார்க்க எளிமையாகத் தெரியும் இந்த வேலையில், ஆபத்து சின்னச் சின்ன இடங்களில் ஒளிந்திருக்கிறது.

டேங்க் இருக்கும் உயரம்: நாசிலைவிட டேங்க் மேலே இருந்து, நடுவில் வால்வும் இல்லாவிட்டால், வண்டி நிற்கும்போது தண்ணீர் தானாகவே என்ஜினுக்குள் வழிந்துவிடும். தண்ணீரை அமுக்க முடியாது. அடுத்த நாள் காலையில் ஸ்டார்ட் செய்தால் மேலேறும் பிஸ்டன் தண்ணீரில் முட்டி, கனெக்டிங் ராடு வளையும். வெள்ளத்தில் நின்ற காருக்கு நடப்பது வீட்டு வாசலிலேயே நடக்கும்.

நாசில் அடைப்பு: டேங்க் நிறையத் தண்ணீர் இருந்தும் நாசில் அடைத்துக்கொண்டால், டேங்க் மட்டத்தைப் பார்க்கும் விளக்கு எரியாது. அதனால் குழாயில் தண்ணீர் உண்மையிலேயே ஓடுகிறதா என்று பார்க்கும் சென்ஸார் அவசியம். ஓட்டம் நின்றால் டர்போ அழுத்தம் உடனே குறைய வேண்டும். இந்த ஏற்பாடு இல்லாத கிட்டைத் தொடவே வேண்டாம்.

எந்தத் தண்ணீர்: போர்வெல் தண்ணீரில் வாட்டர் ஹீட்டர் என்ன கதிக்கு ஆளாகிறது என்று நமக்குத் தெரியும். அதே உப்பு நாசிலிலும் வால்விலும் படியும். ஆர்.ஓ தண்ணீரிலும் கொஞ்சம் உப்பு மிச்சம் இருக்கும். இன்வெர்ட்டர் பேட்டரிக்கு வாங்குகிறோமே, அந்த டிஸ்டில்டு வாட்டர்தான் சரி. வைப்பருக்கு ஊற்றும் சோப்புத் தண்ணீரோ, ரேடியேட்டர் கூலன்ட்டோ கூடவே கூடாது.

மெத்தனால்... வேண்டவே வேண்டாம்!

வெளிநாட்டு வீடியோக்களில் தண்ணீரோடு பாதிக்குப் பாதி மெத்தனால் கலக்கச் சொல்வார்கள். குளிர்நாடுகளில் தண்ணீர் உறையாமல் இருக்க அது உதவும். அது எரியும் என்பதால் சக்தியும் கூடும். உறைபனியே இல்லாத நம் சமவெளியில் முதல் காரணம் அடிபட்டுப்போகிறது.

இரண்டாவதுக்காக ஆசைப்படுவதற்கு முன், மெத்தனால் என்றால் என்ன என்று யோசியுங்கள். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்த விஷச் சாராயத்தில் இருந்தது அதுதான். கொஞ்சம் உள்ளே போனாலே பார்வை பறிபோகும். தோல் வழியாகவும் உடலில் ஏறும். தீப்பிடித்தால் பகல் வெளிச்சத்தில் தீயே கண்ணுக்குத் தெரியாது. தமிழ்நாட்டில் உரிமம் இல்லாமல் இதை வைத்திருப்பது சட்டப்படியும் தவறு. குழந்தைகள் இருக்கும் வீட்டில், தண்ணீர்போலவே தெரியும் இந்தத் திரவம் ஒரு கேனில் இருப்பதைவிட, கார் கொஞ்சம் மெதுவாக ஓடுவது எவ்வளவோ மேல்.

சரி, மாட்டலாமா?

நெக்ஸான், வெர்னா, விர்டஸ் போன்ற டர்போ பெட்ரோல் கார்கள் கம்பெனியிலிருந்து வரும்போதே நம் வெயிலுக்கும் நம் பெட்ரோலுக்கும் ஏற்றபடி செட் செய்யப்பட்டவை. நாக்கிங்கைக் கண்டுபிடிக்கும் சென்ஸாரும் அவற்றில் உண்டு. சூடு ஏறினால் கம்ப்யூட்டரே சக்தியைக் கொஞ்சம் குறைத்து என்ஜினைக் காத்துக்கொள்ளும். அலுவலகம், பள்ளிக்கூடம், வருடத்துக்கு ஒருமுறை குலதெய்வம் கோயில் என்று ஓடும் காருக்கு வாட்டர் இன்ஜெக்‌ஷனால் சொல்லிக்கொள்ளும்படி எந்தப் பலனும் இல்லை. டர்போ முழு அழுத்தத்தில் இயங்கும் நேரமே அங்கே மிகக் குறைவு.

மாட்டினால் இழப்பவை நிச்சயம். என்ஜின் வாரன்ட்டி கேள்விக்குறியாகும். விபத்தோ, தீயோ நேர்ந்தால் இன்ஷூரன்ஸில் வாக்குவாதம் வரும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, நிறுவனம் தந்த விவரங்களிலிருந்து மாறுபடும் வகையில் வாகனத்தை மாற்றுவதற்குக் கட்டுப்பாடு விதிக்கிறது. ஆர்.டி.ஓ அலுவலகத்திலும் இன்ஷூரன்ஸ் நிறுவனத்திலும் கேட்டுவிட்டு இறங்குவதே புத்திசாலித்தனம்.

டிராக்கில் ஓட்டுவதற்கென்றே தனிக் கார் வைத்திருப்பவர்கள், அனுபவமுள்ள டியூனரோடு சேர்ந்து இதைச் செய்யலாம். அவர்களுக்கும் ஒரே ஒரு விதி. டர்போ அழுத்தத்தை, தண்ணீர் இல்லாமலும் என்ஜின் தாங்கும் அளவிலேயே வையுங்கள். தண்ணீரை அதற்கு மேல் ஒரு காவலாக மட்டும் பயன்படுத்துங்கள். தண்ணீரை நம்பி அழுத்தத்தை ஏற்றிவிட்டால், மறந்துபோன ஒரு பாட்டில் டிஸ்டில்டு வாட்டர் மொத்த என்ஜினையும் விலையாகக் கேட்கும்.

மற்றவர்களுக்கு டர்போ காரைக் காப்பாற்றச் செலவில்லாத வழிகள் இருக்கின்றன. நிறுவனம் சொன்ன தரத்தில் ஆயிலை, சொன்ன நேரத்தில் மாற்றுங்கள். இன்டர்கூலரின் முன்பக்கத்தில் சேறும் பிளாஸ்டிக் கவரும் அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். மலை ஏறும்போது குறைந்த ஆர்.பி.எம்-மில் பெரிய கியரில் திணறவிடாமல், ஒரு கியர் குறைத்து ஓட்டுங்கள். அப்படியே அந்த வைப்பர் டப்பாவையும் நிரப்பிவிடுங்கள்!