முதுகும் ஓர் உணர்வுறுப்பே

லாஸ்பேட்டை ஹெலிபேட் மைதானத்தில் காலை நடைக்கு வருவோர் சிலரின் இடுப்பில் அகலமான பட்டையைக் காணலாம். முதுகுவலி என்றதும் பலர் முதலில் வாங்கும் பொருள் அதுதான். ஆனால், தனிக்காரணம் புலப்படாத நாள்பட்ட கீழ்முதுகு வலிக்கு இடுப்புப் பட்டையை வழக்கமான சிகிச்சையாக உலக சுகாதார அமைப்பு பரிந்துரைக்கவில்லை. 2023 டிசம்பரில் அது வெளியிட்ட வழிகாட்டுதல், உடற்பயிற்சியையே முன்வைக்கிறது. முதுகைப் பாரம் தாங்கும் தூணாக மட்டும் கருதினால் இதன் நியாயம் விளங்காது.

கண்களை மூடிச் சற்றே குனியுங்கள். எவ்வளவு குனிந்திருக்கிறோம் என்பது பார்க்காமலேயே தெரியும். இந்த நிலையுணர்வுக்கு 1906-இல் 'ப்ரோப்ரியோசெப்ஷன்' என்று பெயரிட்டவர் ஆங்கிலேய உடலியல் அறிஞர் சார்லஸ் ஷெரிங்டன். இதன் முதன்மைக் கருவி தசைக்குள்ளேயே இருக்கிறது. நூல் நூற்கும் கதிரின் வடிவில் அமைந்த நுண்ணிய உணர்விகள், தசை எவ்வளவு நீள்கிறது, எவ்வளவு விரைவாக நீள்கிறது என்பதை மூளைக்குத் தெரிவிக்கின்றன. அடுத்தடுத்த முள்ளெலும்புகளை இணைக்கும் மிகச் சிறிய தசைகளில் இவை செறிந்துள்ளன. பாரம் தூக்க உதவாத அச்சிறு தசைகளை, அளவுமானிகள் என்றே கருதும் அறிஞர்கள் உண்டு.

இணைப்புத் திசுவின் பங்கு வேறு வகையானது. முள்ளெலும்புகளைப் பிணைக்கும் நார்களிலும் மூட்டு உறைகளிலும் உள்ள நரம்பு முனைகள், வளைவு தன் எல்லையை நெருங்கும்போதே உரக்கப் பேசும். கீழ்முதுகைப் போர்த்திய தடித்த சவ்வோ வயிற்றின் ஆழ்தசை, புட்டத்தசை, கைக்குச் செல்லும் பெருந்தசை ஆகிய அனைத்தோடும் பிணைந்தது. கையை நீட்டினாலும் அதன் இழுவிசை மாறும்.

பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2000-இல் வெளியிட்ட சோதனை சுவையானது. முதுகுத் தசையில் அதிர்வூட்டினால், தசை நீள்வதாகக் கதிர்கள் பொய்ச் செய்தி அனுப்பும். நலமுள்ளவர்கள் அதற்கு ஏமாந்து, குறித்த நிலையை எட்டுமுன்பே நின்றுவிட்டனர். வலியுள்ளோரின் நிலையுணர்வு முன்பே மங்கியிருந்தது. அதிர்வு அவர்களை அவ்வாறு ஏமாற்றவில்லை. வலி உணர்வை மங்கச் செய்கிறதா, மங்கிய உணர்வே வலியை வரவழைக்கிறதா என்ற வழக்கு இன்னும் முடியவில்லை.

நலமுள்ளோரும் இதற்கு விலக்கல்லர். ஐந்து நிமிடம் கூனி அமர்ந்தாலே, முதுகை முந்தைய நிலைக்கு மீட்பதில் பிழை கூடுவதை 2006-இல் வெளியான ஆய்வொன்று காட்டியது. நெடுநேரம் இழுபட்ட இணைப்புத் திசு மெல்ல நெகிழ்ந்துவிடுவது இதற்கு ஒரு காரணமாகலாம். மணிக்கணக்கில் விடைத்தாள் திருத்தும் ஆசிரியரையும் தையல் இயந்திரத்தின்முன் அமர்ந்திருப்பவரையும் நினைத்துப் பாருங்கள்!

2020-இல் உலகில் 61.9 கோடிப் பேருக்குக் கீழ்முதுகு வலி இருந்ததாக மதிப்பீடு. இழந்த வேலைநாள்களின் சுமை கூலித் தொழிலாளியின் வீட்டில்தான் முதலில் இறங்குகிறது. பட்டைக்கு விலையும் விற்பனையாளரும் உண்டு. பயிற்சிக்கு அவ்விரண்டும் இல்லை என்பதால் அதைப் பற்றி நம்மிடம் சொல்வாருமில்லை. பொருளியல் படித்தவனுக்கு இது வியப்பளிப்பதில்லை. ஆரம்ப சுகாதார நிலையங்கள்தோறும் வாரம் ஒரு நாளேனும் இயன்முறை மருத்துவர் இருந்தால், மெதுவாகக் குனிந்து நிமிரும் கட்டுப்பாட்டுப் பயிற்சிகளைச் செலவின்றிக் கற்பிக்கலாம்.

ஒன்று மட்டும்: முதுகுவலியோடு காய்ச்சலோ, கால் பலவீனமோ, சிறுநீர் கழிப்பதில் தடையோ இருந்தால் பயிற்சியைத் தேடாமல் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

கட்டுரையாளர்: பொருளியல் பேராசிரியர் (ஓய்வு).