சாயமும் மருந்தும்: பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கூட்டு வணிகத்தில் செய்முறையும் பெயரும்

முன்னுரை

அரிதாரம், இலிங்கம், காவிக்கல், அவுரி ஆகியவை தமிழகத்தில் நிறப்பொருள்களாகவும் மருந்துச் சரக்குகளாகவும் ஒருங்கே வழங்கிவந்தன. கூத்தரின் முகப்பூச்சு 'அரிதாரம்' எனப் பெயர் பெற்றதும் மஞ்சள் நிறமுடைய அக்கனிமத்தாலேயே ஆகும். மேலைநாடுகளிலும் வண்ணப்பொருளும் மருந்தும் ஒரே வணிகர் கையில் அமைந்தமைக்குச் சான்றுகள் உண்டு. இத்தொழில்களை நடத்திய கூட்டு நிறுவனங்களின் மெய்யான முதல் எது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

பேடண்ட் மருந்து

பேடண்ட் மருந்து என்னும் பெயர், இங்கிலாந்து அரசர் வழங்கிய உரிமைப் பட்டயத்திலிருந்து தோன்றியது. ஆயினும் அப்பெயரில் விற்கப்பட்டவற்றுள் பெரும்பாலானவை காப்புரிமை பெறாதவையே. காப்புரிமை பெறச் செய்முறையை வெளியிடவேண்டும். உரிமையும் குறித்த காலத்தில் முடிந்துவிடும். இந்தியாவில் 1859ஆம் ஆண்டுச் சட்டம் புத்தாக்கத்திற்கு 14 ஆண்டு உரிமையே அளித்தது. எனவே உற்பத்தியாளர் செய்முறையை மறைத்துப் பெயரைப் பரப்பினர். மூடிய புட்டியினுள் இருப்பதை வாங்குவோர் அறிய வழியில்லை. பெயரே அவர்க்குச் சான்றாயிற்று.

அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலம் பர்லிங்டனில் 1872இல் அமைந்த வெல்ஸ், ரிச்சர்ட்சன் கூட்டு நிறுவனம் இதற்குத் தக்க எடுத்துக்காட்டாகும். 'டயமண்ட்' சாயத்தையும் 'பெயின்ஸ் செலரி காம்பவுண்டு' என்னும் மருந்தையும் அதுவே விற்றது. அம்மருந்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு சாராயம் இருந்தது. 1906ஆம் ஆண்டு உணவு, மருந்துச் சட்டமே சாராய அளவைச் சீட்டில் குறிக்கும் கட்டாயத்தைக் கொணர்ந்தது.

கூட்டாண்மையின் சட்ட நிலை

1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 239ஆம் பிரிவு, சொத்து, உழைப்பு, திறன் ஆகியவற்றை ஒரு தொழிலில் இணைத்து இலாபத்தைப் பகிர உடன்பட்டோரிடையே உள்ள உறவே கூட்டாண்மை என வரையறுத்தது. திறனும் முதலாக ஏற்கப்பட்டதால் மருத்துவரோ வேதியியலாரோ பணமின்றியும் கூட்டாளியாகலாம். ஆனால் கடனுக்குக் கூட்டாளியின் சொந்தச் சொத்தும் பொறுப்பேற்றது. வேறு உடன்பாடு இல்லாதவிடத்து ஒருவரின் இறப்போடு கூட்டாண்மையும் கலைந்தது. எழுதிவைக்காத செய்முறை அறிந்தவரோடே மறையக்கூடும்.

வங்கத்தில் இவ்விடர் நேரில் வெளிப்பட்டது. பிரபுல்ல சந்திர ராய் 1892இல் ஏறத்தாழ 700 ரூபாய் முதலில் கல்கத்தாவில் மருந்து உற்பத்தியைத் தொடங்கினார். அவருடன் இணைந்த மருத்துவர் அமூல்ய சரண் போஸ் 1898இல் கொள்ளைநோயால் இறந்தார். வேதியியல் கற்ற சதீஷ் சந்திர சின்ஹா ஆய்வுக்கூடத்தில் நச்சமிலத்தால் உயிரிழந்தார். 1901இல் தொழில் 'பெங்கால் கெமிக்கல்' என்னும் வரையறுத்த பொறுப்புடைய நிறுமமாயிற்று. உறுப்பினர் மாறினும் நிறுமம் நிலைக்கும் என்பதே கூட்டாண்மையினின்று அதனை வேறுபடுத்தும் தன்மையாகும்.

சென்னையின் வழி

காசிநாதுனி நாகேசுவர ராவ் 1893இல் பம்பாயில் தொடங்கிய அமிர்தாஞ்சனம் 1914இல் சென்னைக்கு வந்து, 1936இல் பொது நிறுமமாயிற்று. 1908இல் அவர் தொடங்கிய 'ஆந்திர பத்திரிகா' இதழும் 1914இல் சென்னைக்கு வந்தது. மருந்தின் வருவாய் இதழை வளர்க்க, இதழ் மருந்தின் பெயரைப் பரப்பியது. இங்கு பெயரே பெருமுதலாக நின்றது.

முடிவுரை

பணத்தினும் செய்முறையும் பெயருமே இத்தொழில்களின் அடிப்படை முதல்களாக இருந்தன. செய்முறை மனிதரோடு மறையக்கூடியது. பெயர் மனிதரைக் கடந்து வாழக்கூடியது. நிறும வடிவம் தொழிலுக்கு நிலைபேறு தந்ததேயன்றி, உண்பவருக்கு உட்பொருளை உணர்த்தவில்லை. இந்தியாவில் மருந்தின் தரத்தைக் கண்காணிக்கும் சட்டம் 1940இலேயே வந்தது. ஆகவே இவ்வணிக வரலாற்றைக் கூட்டாளிகளின் வெற்றியாக மட்டும் எழுதாமல், அறியாது வாங்கிய நுகர்வோரின் வரலாறாகவும் எழுதுதல் வேண்டும்.