அம்மான் பச்சரிசியும் அதன் பங்காளிகளும்

மழைக்காலம் தொடங்கிவிட்டால் பெரம்பலூர், அரியலூர் வட்டாரத்தில் மக்காச்சோளக் கொல்லை, பருத்திக் காடு, பள்ளி மைதானம், சிமெண்டுத் தரையின் வெடிப்பு என்று எங்கு பார்த்தாலும் ஒரு சிறு பூண்டு முளைத்திருக்கும். தண்டைக் கிள்ளினால் வெள்ளைப் பால் வடியும். இதுதான் அம்மான் பச்சரிசி. இதன் பாலை மரு, பாலுண்ணி ஆகியவற்றின்மேல் தடவுவது கிராமங்களில் பழைய வழக்கம். சித்த மருத்துவத்திலும் இந்தப் பூண்டுக்கு இடம் உண்டு.

ஆனால் பால் வடியும் சிறு பூண்டெல்லாம் அம்மான் பச்சரிசி ஆகிவிடுமா? ஆகாது. அதே தரையில், அதே மழைக்கு, அதன் நெருங்கிய உறவுச் செடிகளும் முளைக்கின்றன. சித்திரப்பாலாடை அவற்றுள் ஒன்று. சில ஊர்களில் இரண்டுக்கும் ஒரே பெயரைச் சொல்வார்கள். மருந்துக்குச் செடி பறிப்பவர் மாற்றிப் பறித்தால் மருந்தே மாறிவிடும். ஆய்வுக்கூடத்தில் செடியின் சத்துகளைப் பிரித்துப் பார்க்கும் ஆராய்ச்சியாளர் பெயரைத் தவறாகக் குறித்தால் அவருடைய உழைப்பெல்லாம் வீண். ஆகவே, செடியைச் சரியாக இனம் காண்பதுதான் முதல் வேலை.

கிண்ணத்துக்குள் ஒரு பூங்கொத்து

இந்தச் செடிகள் யூபோர்பியா என்ற பேரினத்தைச் சேர்ந்தவை. உலகில் ஏறத்தாழ 2,000 யூபோர்பியா இனங்கள் இருக்கின்றன. ஓர் அடி உயரமுள்ள அம்மான் பச்சரிசியும், வேலியில் ஆள் உயரத்துக்கு மேல் வளரும் முள் நிறைந்த சதுரக்கள்ளியும் இந்த ஒரே பேரினத்தில் அடங்கும்! அதே வேலியில் நிற்கும் சப்பாத்திக்கள்ளி வேறு குடும்பம். அதை உடைத்தால் பால் வராது.

உருவத்தில் இவ்வளவு வேறுபட்ட செடிகளை ஒன்று சேர்ப்பது எது? பூதான். நாம் ஒரு பூ என்று நினைப்பது உண்மையில் சின்னஞ்சிறு கிண்ணம். அதன் நடுவில் ஒரே ஒரு பெண் பூ; அதைச் சுற்றிப் பல ஆண் பூக்கள். ஒவ்வோர் ஆண் பூவும் ஒரே ஒரு மகரந்தத்தாள்தான். அந்தத் தாளின் காம்பில் ஒரு மூட்டு தெரியும். மூட்டுக்குக் கீழே உள்ளது பூவின் காம்பு. மேலே உள்ளது மகரந்தத்தாள். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதை விளக்கியவர்களுள் ராபர்ட் பிரௌன் ஒருவர். பௌதிகப் பாடத்தில் படிக்கும் 'பிரௌனியன் இயக்கம்' இவர் பெயரால் வழங்குவதே.

காயைப் பாருங்கள்

இப்போது மூன்று பங்காளிகளையும் பிரித்துப் பார்ப்போம்.

அம்மான் பச்சரிசி (யூபோர்பியா ஹிர்ட்டா): தண்டு நிமிர்ந்தோ சாய்ந்தோ வளரும். தண்டில் மஞ்சள் நிற மயிர்கள் உண்டு. 'ஹிர்ட்டா' என்றாலே மயிர் உடையது என்று பொருள். இலைகள் எதிரெதிராக இருக்கும். 1 முதல் 4 சென்டிமீட்டர் நீளம். நடுவில் பெரும்பாலும் செந்நிறக் கறை தெரியும். இலைக்கணுவில் பூக்கிண்ணங்கள் உருண்டையாகத் திரண்டிருக்கும்.

சித்திரப்பாலாடை (யூபோர்பியா தைமிஃபோலியா): தரையோடு தரையாகப் படரும். இலைகள் 1 சென்டிமீட்டருக்கும் குறைவு. காய் முழுவதும் மயிர் இருக்கும். காயின் காம்பு மிகவும் குட்டை. அதனால் காய் கிண்ணத்தை விட்டு முழுவதும் வெளியே வராமல், அதன் ஒரு பக்கத்தைப் பிளந்துகொண்டு எட்டிப்பார்க்கும்.

யூபோர்பியா புரோஸ்ட்ராட்டா: இதுவும் படரும், இலையும் சிறியது. பார்த்தவுடன் சித்திரப்பாலாடை என்றே தோன்றும். ஆனால் இதன் காய் காம்போடு நன்றாக வெளியே வந்து தொங்கும். காயின் மூன்று விளிம்புகளில் மட்டுமே மயிர் இருக்கும். மற்றப் பகுதி வழவழப்பானது.

காயின் அளவோ ஒன்றரை மில்லிமீட்டர்தான். ஆகவே ஒரு கைவில்லை கட்டாயம் வேண்டும்.

மண்ணின் ஈரத்துக்கும் வெயிலுக்கும் ஏற்ப இலையின் அளவும் தண்டின் நிறமும் மாறும். காய்ந்த மேட்டில் அம்மான் பச்சரிசியும் குறுகித்தான் நிற்கும். காயின் மயிர் அமைப்பு அப்படி எளிதில் மாறாது. இதனால்தான் தாவர வல்லுநர்கள் இலையைவிடக் காயை அதிகம் நம்புகிறார்கள்.

பெயர் மாறிய கதை

அம்மான் பச்சரிசிக்கும் சித்திரப்பாலாடைக்கும் 1753இல் லின்னேயஸ் அறிவியல் பெயர் சூட்டினார். பழைய மருத்துவ நூல்களில் அம்மான் பச்சரிசி 'யூபோர்பியா பிலுலிஃபெரா' என்ற பெயரில் வரும். 1909இல் இதைக் 'காமேசைசி' என்ற தனிப் பேரினத்துக்கு மாற்றினார்கள். அண்மைக் காலத்தில் டி.என்.ஏ. ஆய்வு வந்தது. இந்தக் கூட்டம் யூபோர்பியாவின் ஒரு கிளையே என்று தெரிந்தது. இவை மீண்டும் பழைய வீட்டுக்கே திரும்பின.

இந்தக் கிளைக்கு ஒரு சிறப்பு உண்டு. இதிலுள்ள பெரும்பாலான செடிகள் மக்காச்சோளத்தைப் போலவே 'சி-4' என்ற முறையில் உணவு தயாரிக்கின்றன. கடும் வெயிலிலும் இவை செழிப்பதற்கு இது ஒரு காரணம்.

உலர்ந்த செடி சொல்லும் சாட்சி

பெயர்கள் மாறும்போது எந்தச் செடியைப் பற்றிப் பேசுகிறோம் என்பதற்குச் சாட்சி வேண்டுமல்லவா? அதற்காகத்தான் செடிகளை அழுத்தி உலர்த்தி, தாளில் ஒட்டி, இடமும் நாளும் எழுதிப் பாதுகாக்கிறார்கள். திருச்சி தூய வளனார் கல்லூரியில் 1967இல் கே.எம். மேத்யூ அடிகளார் நிறுவிய ராபினட் தாவரக் காப்பகம் அப்படிப்பட்ட ஒன்று. 1980களில் வெளிவந்த 'தமிழ்நாட்டுக் கர்நாடகத் தாவரங்கள்' என்னும் அவருடைய பெருநூல் அங்கே உருவானது. 'கர்நாடகம்' என்பது இங்கே தமிழகத்தின் கிழக்குப் பகுதிக்கு வழங்கிய பழைய பெயர். அப்போது பெரம்பலூரும் அரியலூரும் திருச்சி மாவட்டத்திலேயே இருந்தன.

நீங்களும் இந்த வேலையைச் செய்யலாம். பள்ளி மைதானத்தில் காய் உள்ள செடிகளைச் சேகரியுங்கள். பழைய செய்தித்தாளுக்கு நடுவில் வைத்து அழுத்தி உலர்த்துங்கள். இடம், நாள், மண்ணின் நிறம், காயின் மயிர் ஆகியவற்றை எழுதி வையுங்கள். ஓர் எச்சரிக்கை: இவற்றின் பால் கண்ணில் பட்டால் கடுமையாக எரியும். வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். எந்தச் செடியையும் வாயில் வைத்துப் பார்க்காதீர்கள்.