மட்டையின் கனம் எங்கே இருக்கிறது?

பள்ளிச் சீருடை தைக்கக் கொடுக்கும்போது, "வளர்கிற பிள்ளை, இரண்டு அங்குலம் தாராளமாகவே தையுங்கள்" என்று தையற்காரரிடம் சொல்லாத பெற்றோர் குறைவு. சீருடைக்கு அது நல்ல யோசனைதான். சட்டை சற்றுத் தொளதொளவென்று இருந்தால் ஒன்றும் கெட்டுவிடாது. ஆனால் இதே யோசனையைக் கிரிக்கெட் மட்டைக்கும் பலர் பின்பற்றுகிறார்கள். "இப்போதே பெரிய மட்டையாக வாங்கிவிட்டால் கல்லூரிக்குப் போகும்வரை உழைக்கும்" என்பது அவர்கள் எண்ணம். அண்ணன் ஆடிய மட்டையைத் தம்பிக்கோ தங்கைக்கோ கொடுத்துவிடுவதும் உண்டு. இது சரிதானா? நீங்கள் வகுப்பில் படிக்கும் இயற்பியலைக் கொண்டே இதற்கு விடை காணலாம்.

எடை கூடினால் அடி கூடுமா?

கனமான மட்டையால் அடித்தால் பந்து வெகுதூரம் பறக்கும் என்பது பொதுவான நம்பிக்கை. உந்த அழிவின்மை விதியைக் கொண்டு இதைச் சோதிப்போம். நிலையாக உள்ள பந்தை மட்டை ஒரே வேகத்தில் மோதுகிறது என்று கொள்வோம். அப்போது பந்து பெறும் வேகம், மட்டையின் நிறையை, மட்டை, பந்து இரண்டின் மொத்த நிறையால் வகுத்தால் வரும் ஈவுக்கு நேர்விகிதத்தில் இருக்கும். பந்தின் நிறை சுமார் 0.16 கி.கி. மட்டை 1 கி.கி. ஆனால் ஈவு 0.86. மட்டை 1.2 கி.கி. ஆனால் ஈவு 0.88. மட்டையின் நிறையை 20 விழுக்காடு கூட்டியும் பந்தின் வேகம் 2 விழுக்காட்டுக்குச் சற்று மேல்தான் கூடுகிறது! மட்டை கையில் சுழல்வதால் உண்மையில் இக்கணக்குச் சிறிது மாறும். எனினும் ஆதாயம் சொற்பமே என்ற முடிவு மாறாது.

இந்தச் சொற்ப ஆதாயத்திற்கு நாம் கொடுக்கும் விலை என்ன? அதை அடுத்துக் காண்போம்.

தராசு சொல்லாத கனம்

ஒரு சுத்தியலின் காம்பைப் பிடித்து இப்படியும் அப்படியும் ஆட்டிப் பாருங்கள். பிறகு அதைத் தலைகீழாக்கி, இரும்புத் தலையைப் பிடித்துக்கொண்டு ஆட்டிப் பாருங்கள். இரண்டாம் முறை எளிதாக ஆடுகிறது அல்லவா? சுத்தியலின் எடை மாறவில்லை. கைக்கும் நிறைக்கும் இடையே உள்ள தொலைவு மட்டுமே மாறியது. சுழலும் பொருளுக்கு எடையைவிட முக்கியமானது நிலைமத் திருப்புத்திறன். ஒவ்வொரு துகளின் நிறையையும், சுழல் அச்சிலிருந்து அதன் தொலைவின் இருமடியால் பெருக்கிக் கூட்டினால் கிடைப்பது இது. கையிலிருந்து 30 செ.மீ. தள்ளியுள்ள ஒரு கிராம் மரத்தைவிட, 60 செ.மீ. தள்ளியுள்ள ஒரு கிராம் மரம் நான்கு மடங்கு எதிர்ப்பைக் காட்டும்.

இப்போது 5-ஆம் எண் மட்டையையும் பெரியவர்களின் முழு அளவு மட்டையையும் ஒப்பிடுவோம். முன்னதன் நீளம் சுமார் 78 செ.மீ.; பின்னதன் நீளம் சுமார் 85 செ.மீ. நீளம் 9 விழுக்காடு கூடுகிறது. எடை 20 விழுக்காடு கூடுவதாகக் கொள்வோம். 1.09 ஐ இருமடியாக்கி 1.2 ஆல் பெருக்கினால் 1.43 வரும். தராசு 20 விழுக்காடு என்கிறது. மணிக்கட்டோ 43 விழுக்காடு என்கிறது!

ஒரு மீட்டர் பிந்தினால்

பள்ளி அணியின் நல்ல வேகப்பந்து வீச்சாளர் மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் வீசுவதாகக் கொள்வோம். அதாவது வினாடிக்கு 25 மீட்டர். ஒரு கிரீஸிலிருந்து எதிர் கிரீஸ் வரை உள்ள தொலைவு சுமார் 17.7 மீட்டர். பந்து உங்களை அடைய 0.7 வினாடியே ஆகும். பந்தைப் பார்த்து, எங்கே விழும் என்று கணித்து, காலை நகர்த்தி, மட்டையை வீசுவதெல்லாம் இதற்குள் நடந்தாக வேண்டும்.

ஒரே திருப்புவிசையால் ஒரே கோணத்தைக் கடக்க ஆகும் நேரம் நிலைமத் திருப்புத்திறனின் இருமடி மூலத்துக்கு நேர்விகிதத்தில் அமையும். 1.43 இன் இருமடி மூலம் ஏறத்தாழ 1.2. சிறிய மட்டையை 0.20 வினாடியில் வீசுபவருக்குப் பெரிய மட்டையை வீச 0.24 வினாடி ஆகும். அந்த 0.04 வினாடியில் பந்து ஒரு மீட்டர் வந்துவிடும்! கைகளுக்கும் நிறை உண்டு. அவற்றையும் சேர்த்தே சுழற்றுகிறோம். ஆதலால் உண்மையான தாமதம் இதைவிடக் குறைவு. பாதியாகவே இருக்கட்டும்; அரை மீட்டர் தாமதம் போதாதா, ஸ்டம்பு பறக்க? "இந்தப் பையனுக்குப் பார்வை போதாது, கை வேகம் இல்லை" என்று மைதானத்தில் பேசுவார்கள். குறை பிள்ளையிடம் இல்லாமல் மட்டையிடம் இருக்கலாம்.

சச்சின் டெண்டுல்கர் மிகக் கனமான மட்டையால் ஆடினாரே என்று நீங்கள் கேட்கலாம். ஆம், பல்லாண்டுப் பயிற்சியில் உரமேறிய கைகள் அவருடையவை. சிறுவயதில் தம் அண்ணன் அஜித்தின் மட்டையால் ஆடியதனால்தான் கைப்பிடியைத் தாழப் பிடிக்கும் வழக்கம் வந்தது என்று அவரே கூறியிருக்கிறார். இயற்பியல் இதை எளிதாக விளக்கும். கை கீழே இறங்கினால் அடிமுனையின் தொலைவு குறைகிறது, திருப்புத்திறனும் குறைகிறது. பெரிய மட்டைக்கு ஏற்பச் சிறுவனின் பிடியே மாறிவிட்டது. அவருக்கு அது பொருந்தியது. பலருக்கோ இப்படி மாறும் பிடி ஆட்டத்தையே கெடுத்துவிடும்.

கடையில் என்ன பார்க்க வேண்டும்?

கிரிக்கெட் சட்டப்படி மட்டையின் நீளம் 96.52 செ.மீ., அகலம் 10.8 செ.மீ. ஆகியவற்றைத் தாண்டக் கூடாது. எடைக்குச் சட்டம் வரம்பு விதிக்கவில்லை. அந்த வரம்பை நாம்தான் விதித்துக்கொள்ள வேண்டும்.

சிறுவர் மட்டைகள் 1 முதல் 6 வரை எண்ணிடப்பட்டு வருகின்றன. அடுத்து 'ஹாரோ', அதன்பின் முழு அளவு. உயரம் 4 அடி 9 அங்குலம் முதல் 5 அடி வரையானால் 5-ஆம் எண்ணும், 5 அடி 3 அங்குலம் வரை 6-ஆம் எண்ணும், 5 அடி 6 அங்குலம் வரை ஹாரோவும் ஏறத்தாழப் பொருந்தும். தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் இது சிறிது வேறுபடும். 'ஷார்ட் ஹாண்டில்' என்ற பெயரைக் கண்டு அது சிறுவர்களுக்கானது என்று ஏமாந்துவிடாதீர்கள். பெரியவர்களின் முழு அளவு மட்டைதான் அது.

எண்ணைப் பார்த்தபின் கையால் சோதியுங்கள். மேற்கையால் மட்டும் மட்டையைப் பிடித்து, பின்னே தூக்கி, நேராக மெதுவாக வீசுங்கள். இப்படிப் பத்து முறை செய்யுங்கள். மட்டையின் முகம் திரும்பினாலோ, முழங்கை தாழ்ந்தாலோ, அது உங்களுக்குக் கனம். ஒரே எடையுள்ள இரண்டு மட்டைகளில் ஒன்று கைக்கு இலேசாகத் தோன்றினால், அதையே எடுங்கள்.

மரத்தைப் பற்றியும் ஒரு சொல். இங்கிலாந்து வில்லோ இலேசானது. பந்து நன்கு துள்ளும். விலையோ மிக அதிகம். காஷ்மீர் வில்லோ பொதுவாகச் சற்று அடர்த்தியும் கடினமும் உடையது, விலை குறைவு. ஆட்டம் பழகுபவருக்கு அளவான காஷ்மீர் மட்டை, அளவு மீறிய இங்கிலாந்து மட்டையைவிட நல்லது.

நீங்களே அளந்து பாருங்கள்

வீட்டிலுள்ள மட்டையின் நிலைமத் திருப்புத்திறனை அளக்க ஆய்வுக்கூடம் வேண்டியதில்லை. ஒரு கெட்டியான கோலைத் தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரத்தில் கிடைமட்டமாகப் பொருத்துங்கள். மட்டையின் கைப்பிடி முனையருகே கயிற்றை இறுக்கிக் கட்டி, கயிறு நீளாதபடி கோலில் தொங்கவிடுங்கள். இது ஒரு கூட்டு ஊசல். சிறிதளவு ஆட்டிவிட்டு, 20 அலைவுகளுக்கு ஆகும் நேரத்தைக் கண்டு, 20 ஆல் வகுத்தால் அலைவு நேரம் கிடைக்கும். பிறகு மட்டையை விரல்மேல் கிடத்தி, சாயாமல் நிற்கும் இடத்தைக் குறியுங்கள். அதுவே ஈர்ப்பு மையம். தொங்கும் புள்ளியிலிருந்து அதன் தொலைவை மீட்டரில் அளவுங்கள். இனிக் கணக்கிடலாம்:

நிலைமத் திருப்புத்திறன் = நிறை × 9.8 × தொலைவு × அலைவு நேரத்தின் இருமடி ÷ 39.5

எடுத்துக்காட்டாக, நிறை 1 கி.கி., தொலைவு 0.5 மீ., 20 அலைவுகளுக்கு 31 வினாடி என்றால், அலைவு நேரம் 1.55 வினாடி. விடை ஏறத்தாழ 0.30 கி.கி.மீ² ஆகும்.

நண்பர்களின் மட்டைகளையும் இவ்வாறு அளந்து, நிறை ஒரு பத்தியிலும் திருப்புத்திறன் ஒரு பத்தியிலுமாக அட்டவணை போடுங்கள். இரண்டு பத்திகளும் ஒரே வரிசையில் அமைகின்றனவா? எந்த மட்டை கைக்கு இலேசு என்று அணியினரைக் கேட்டு, அவர்கள் விடை எந்தப் பத்தியோடு ஒத்துப்போகிறது என்று பாருங்கள். அடுத்த முறை மட்டை வாங்கப் போகும்போது அந்த அட்டவணையை அப்பாவிடம் காட்டுங்கள்.